சொல்லாமல் போட்ட உப்பு

அவநம்பிக்கை என்ற சொல்லை வீட்டுப் பேச்சில் யாரும் சொல்லி நான் கேட்டதே இல்லை. எங்கள் திருத்தணிப் பக்கத்தில் ‘நம்பிக்க இல்ல’ என்போம், ‘டவுட்டா கீது’ என்போம், கோபம் வந்தால் ‘அவன நம்பி இன்னாத்துக்கு ஆவுது’ என்போம். அவநம்பிக்கை செய்தித்தாளில் வருகிற சொல். அதை விட்டால் ஆறாம் வகுப்புத் தமிழில் எதிர்ச்சொல் எழுதுக என்ற பகுதியில் வரும். பொதட்டூர்பேட்டை போகிற வழியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வருஷக்கணக்காக அந்தப் பாடத்தை நடத்தினேன். பிள்ளைகள் எல்லாம் தறி வீட்டுப் பிள்ளைகள். வாக்கியத்தில் அமைத்து எழுதச் சொன்னால் என்னென்னவோ எழுதுவார்கள். ‘எங்கள் வீட்டில் அவநம்பிக்கை இல்லை, பக்கத்து வீட்டில் உண்டு’ என்று ஒருத்தி எழுதினாள். சிரித்துவிட்டு முழு மதிப்பெண் போட்டேன்.

அதே வகுப்பில் இன்னொருவன் எழுந்து நின்றான்.

“மிஸ், ஒரு டவுட்டு. சந்தேகமும் அவநம்பிக்கையும் ஒண்ணுதானே மிஸ்?”

“ஆங், கிட்டத்தட்ட ஒண்ணுதான். உக்காரு.”

தப்பான பதில். அதை விளக்கப் போனால் பாடம் முடியாது என்று அவசரம் எனக்கு. அது தப்பு என்று எனக்கு விளங்கிய கதையைத்தான் எழுதப் போகிறேன். எழுதி என்ன ஆகப் போகிறது என்று கேட்டால், ஒன்றும் ஆகாது. ஆனாலும் எத்தனை நாள்தான் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு கிடப்பது?

என் கணவர் எனக்கு அத்தை மகன். சின்ன வயசிலிருந்து பாவா என்று கூப்பிட்டுப் பழகியதால் கல்யாணத்துக்கு அப்புறமும் பாவாதான். அவர்கள் வீடு சமையல்கார வீடு. மலையடிவாரத்தில் வெளியூர்க்காரர்கள் கட்டிய சத்திரம் ஒன்று இருந்தது. கிருத்திகைக்குக் கிருத்திகை அங்கே அன்னதானம். ஆடிக் கிருத்திகைக்குக் கேட்கவே வேண்டாம், ஆந்திராவிலிருந்து பஸ் பஸ்ஸாகக் காவடி வரும். அந்தச் சத்திரத்து அடுப்பு பாவாவின் தாத்தா காலத்திலிருந்து அவர்கள் வீட்டுப் பொறுப்பு. நான் கல்யாணமாகி வந்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பாவாதான் தலைமைச் சமையல். அவருடைய தம்பி கூடமாட நின்று சோறு வடிப்பது, காய் வேகவைப்பது எல்லாம் பார்ப்பார்.

அங்கே முதல் இலை சாமி படத்துக்கு. அதுவரை ஒரு சொட்டுகூட யார் நாக்கிலும் படக் கூடாது. வாயைத் துண்டால் கட்டிக்கொண்டுதான் கரண்டியைத் தொடுவார்கள். யாராவது ருசி பார்த்துவிட்டால் அந்த அண்டா எச்சில், அப்படியே கொண்டுபோய்க் கொட்டிவிட வேண்டியதுதான். அப்படியானால் உப்பு சரியாக இருக்கிறது என்று எப்படித் தெரியும்? பாவாவுக்கு வாசனையில் தெரியும். கொதிக்கிற ஆவியைக் கையால் முகத்துப் பக்கம் விசிறிக்கொள்வார், அவ்வளவுதான்.

“உப்புக்கு ஏது பாவா வாசன?” என்று நான் கேட்டிருக்கிறேன்.

“உப்புக்கு இல்லமே. உப்பு சேந்த பருப்புக்கு கீது.”

இன்னொரு வழக்கமும் இருந்தது. உப்புப் போடுகிற வேலை தலைமைச் சமையல்காரருக்கு மட்டும்தான். போட்டதும் அவர் ‘சேந்துச்சு’ என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்லுவார். அதற்கப்புறம் அந்தப் பாத்திரத்துக்குள் யாரும் உப்புக் கையைக் கொண்டுபோக மாட்டார்கள். அவர் சொல்லாத வரை ‘போட்டாச்சா?’ என்று கேட்கவும் கூடாது. கேட்டால் அவர் கையை நம்பவில்லை என்று அர்த்தம். என் மாமனார் காலத்தில் யாரோ ஒருவர் வாய் தவறிக் கேட்டுவிட்டு, அடுத்த கிருத்திகைக்கு அடுப்புப் பக்கமே கூப்பிடப்படாமல் போனதாகச் சொல்லுவார்கள்.

இதெல்லாம் எனக்குப் புதுசு. எங்கள் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். எங்கள் வீட்டில் ரசம் கொதித்தால் ஆளுக்கொரு தரம் கரண்டியைத் தொட்டுப் பார்த்து அபிப்பிராயம் சொல்லுவோம். கல்யாணமான முதல் மாதம் நான் ரசம் வைத்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினேன். பாவா பார்த்துவிட்டார்.

“நக்கிப் பாத்தியா?”

“வீட்டுக்குத்தானே பாவா, சாமிக்கா வெக்கறேன்?”

“சாமிக்கு இல்ல, சரி. உன் கை மேல உனுக்கே நம்பிக்க இல்லயா?”

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. “எங்கூட்ல எல்லாரும் நக்கித்தான் பாப்போம், போதுமா?” என்று கத்தினேன். கத்தியதில் கரண்டி கீழே விழுந்தது. அவர் சிரித்துவிட்டார். அன்றைக்கு ரசத்தில் உப்பே இல்லை என்று சாப்பிடும்போதுதான் தெரிந்தது. நக்கிப் பார்த்தும், கோபத்தில் உப்பைப் போட மறந்துவிட்டேன். அதைச் சொல்லிச் சொல்லியே பாவா என்னைக் கிண்டல் செய்வார்.

இப்படிப் பத்து வருஷம் போனது. நல்ல வருஷங்கள்தான். பாவா அதிகம் பேச மாட்டார். கோபமும் கிடையாது. எனக்குள்ள கோபமே வீட்டுக்குப் போதும் என்று விட்டுவிட்டார் போல. ஊரில் கல்யாணம் காதுகுத்து என்றால் அவரைத்தான் தேடி வருவார்கள். அடுப்பு முன்னால் நிற்கும்போது மட்டும் அவர் வேறு ஆள். முதுகு நிமிர்ந்துவிடும். அந்த முதுகைப் பார்ப்பதற்காகவே ஆடிக் கிருத்திகையன்று பள்ளிக்கூட லீவில் காய் நறுக்கப் போய் உட்காருவேன். வெளியே சொன்னதில்லை. இப்போது சொல்வதற்கென்ன வெட்கம்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். தை மாதத்தில் பாவாவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாள் படுத்துவிட்டார். எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு ஒருநாள் மாலை நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தேன். தெருமுனையிலேயே பால் தீய்ந்த நாற்றம். உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தால், ஸ்டவ்வில் பால் சுண்டி, பாத்திரம் கருகி, புகை கிளம்பிக்கொண்டிருந்தது. அடுப்புக்கு முதுகைக் காட்டி, நாலடி தள்ளி உட்கார்ந்து பாவா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“பாவா!”

திரும்பிப் பார்த்தார். பாத்திரத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் எப்படி எழுதுவது? திருட்டுத்தனம் செய்து மாட்டிக்கொண்டவர் முகம் மாதிரி இருந்தது.

“எத்தினி நாளா?” என்று கேட்டேன்.

“காய்ச்சல்லருந்து.”

அரக்கோணத்தில் ஒரு மூக்கு டாக்டரிடம் போனோம். காய்ச்சலில் நரம்பு போயிருக்கிறது, தானாகத் திரும்பினாலும் திரும்பும், திரும்பாமலும் போகும், காத்திருங்கள் என்றார். ரயிலில் வரும்போது பாவா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்.

“தம்பிகிட்ட சொல்லாத. சத்திரத்துல யாருக்கும் தெரிய வோணாம்.”

“எத்தினி நாளைக்கு மறைப்ப பாவா?”

“மூக்கு செத்த சமையக்காரன்னு தெரிஞ்சா எவன் என் கையில கரண்டி குடுப்பான்? எனுக்கு வேற இன்னா தெரியும் சொல்லு.” என் பக்கம் திரும்பி, “கைக் கணக்கு கீது. எத்தினி வருசமா போட்ட கை. நீ நம்பு” என்றார்.

“நம்பறேன் பாவா” என்றேன். வாய் சொன்னது. மனசு எங்கே சொன்னது?

சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் அதற்காகப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அடுத்த ஐந்தாறு மாதம் வீட்டில் அவர்தான் சமையல். மூக்கு இல்லாமல் கையை மட்டும் வைத்துப் பழகினார். பருப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, உப்பு எத்தனை விரல், எல்லாம் பார்த்துப் பார்த்துப் போடுவார். நான் சாப்பிட உட்கார்ந்தால் எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்ப்பார். முதல் வாய் போட்டதும், “சரியா கீதா?” என்பார். சரியாகத்தான் இருக்கும். ஒருநாள்கூடத் தப்பவில்லை. பங்குனி, சித்திரை என்று மாதக் கிருத்திகைகள் சத்திரத்தில் வந்து போயின. அங்கேயும் ஒரு குறை கிடையாது. அப்படியும் நான் நம்பவில்லை. வீட்டுச் சட்டி வேறு, ஆடிக் கிருத்திகை அண்டா வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாழும் மனசுக்குச் சாக்கா கிடைக்காது!

ஆடிக் கிருத்திகை வந்தது. விடிந்ததிலிருந்து பம்பை சத்தமும் அரோகராவும் ஊரைத் தூக்கிக்கொண்டிருந்தன. பாவா கிளம்பும்போதே என்னிடம், “காய் நறுக்க வா. ஆனா என்னையே பாத்துகினு இருக்காத. பாத்தா கை தடுமாறும்” என்றார். சரி என்று தலையாட்டினேன். போய் உட்கார்ந்ததிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரிய அண்டாவில் சாம்பார். பாவாவின் முறை எனக்கு மனப்பாடம். புளித்தண்ணீரில் காய் வெந்து வரும்போதே உப்பைப் போட்டு, ‘சேந்துச்சு’ என்று சொல்லி, அப்புறம்தான் பருப்பைக் கொட்டுவார். அன்றைக்குக் காய் வெந்தது. உப்பைப் போடவில்லை. பருப்பைக் கொட்டினார். உப்பைப் போடவில்லை. கிளறிவிட்டு, கரண்டியை அண்டாவின் மேல் குறுக்கே வைத்துவிட்டு, பின்கட்டில் ரசம் கொதிக்கிற அடுப்புப் பக்கம் போய்விட்டார். தம்பி சோற்றுப் பானையைச் சாய்த்துக்கொண்டிருந்தார். மற்ற ஆட்கள் இலைக்கட்டை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள்.

எனக்கு உறுதியாகிவிட்டது. மறந்துவிட்டார். வாசனை இருந்திருந்தால் ஆவியே சொல்லியிருக்கும், இப்போது யார் சொல்வது? பின்கட்டுக்குப் போய் ‘போட்டியா பாவா?’ என்று கேட்டிருக்கலாம். பத்தடி தூரம்தான். கேட்கக் கூடாது என்ற வழக்கம் ஒரு பக்கம். ரசத்தைக் கிளற அங்கே இரண்டு பேர் நின்றிருந்தார்கள், அவர்கள் முன்னால் கேட்டால் குட்டு உடைந்துவிடும் என்ற பயம் ஒரு பக்கம். இதெல்லாம் இப்போது நான் சொல்லிக்கொள்கிற நியாயம். அன்றைக்கு நான் அவ்வளவு யோசிக்கவில்லை. எழுந்தேன். கரண்டியில் ஒட்டியிருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். சப்பென்று இருந்தது. சொம்பால் உப்பு மூட்டையிலிருந்து கல்லுப்பை அள்ளி, அவர் போடுகிற அளவுக்கு இரண்டு சொம்பு கொட்டிக் கிளறினேன். திரும்பி வந்து உட்கார்ந்து முருங்கைக்காயைக் கையில் எடுத்தேன். யாரும் பார்க்கவில்லை. சேந்துச்சு என்று சொல்ல நான் யார்? சொல்லவில்லை.

பாவாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு அப்போது பெருமையாகவே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவர் பின்கட்டிலிருந்து வந்தார். நேராக உப்பு மூட்டைக்குப் போனார். இரண்டு கையும் சேர்த்து அள்ளினார். அண்டாவுக்குள் போட்டார். நான் முருங்கைக்காயைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு தரம் அள்ளிப் போட்டார். மூன்றாம் தரம். துண்டுக்கு மேலே கண் இரண்டும் மின்ன, நிமிர்ந்து நின்று உரக்கச் சொன்னார்.

“சேந்துச்சு!”

அவர் மறக்கவே இல்லை. மூக்கு இல்லாததால் முறையை மாற்றி வைத்திருந்தார். காயும் பருப்பும் தண்ணீரும் எல்லாம் ஒன்று சேர்ந்து அளவு நின்ற பிறகு கடைசியில் உப்பைப் போட்டால்தான் கைக் கணக்குத் தப்பாது என்று யோசித்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்களே.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். முதல் இலைக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. ‘பாவா, நான் போட்டுட்டேன்’ என்றால் போதும். ஆனால் சொன்னால் அடுத்த கேள்வி, ‘உப்பு இல்லன்னு உனுக்கு எப்பிடித் தெரியும்?’ நாக்கில் வைத்ததைச் சொல்ல வேண்டும். அத்தனை பெரிய அண்டாவைச் சாக்கடையில் கொட்ட வேண்டும். வாசலில் காவடி எடுத்து வந்த ஜனம் வெயிலில் வரிசை கட்டி நிற்கிறது. ஏன் நாக்கில் வைத்தாய் என்று கேட்பார்கள், மூக்கு விஷயம் வெளியே வரும். எந்தப் பக்கம் திரும்பினாலும் இடி. வாயில் கொழுக்கட்டையை வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். எச்சில் பண்ணிய சாம்பார் சாமி இலைக்குப் போவதையும் என் இரண்டு கண்ணால் பார்த்தேன்.

முதல் பந்தி உட்கார்ந்தது. இரண்டாவது வாய் எடுப்பதற்குள் சத்தம் கிளம்பிவிட்டது. “இன்னாபா இது, கடல் தண்ணியாட்டம் கரிக்குது” என்றார் ஒருவர். ஆந்திராக்காரர்கள் தெலுங்கில் திட்டினார்கள். ஒரு குழந்தை துப்பிவிட்டு அழுதது. சத்திரத்து மேனேஜர் ஓடி வந்தார். தம்பி ஒரு கரண்டி வாயில் விட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு, “அண்ணா, இன்னா பண்ண நீ?” என்றார்.

பாவா அண்டாவுக்கு மேலே குனிந்தார். அத்தனை பேர் முன்னாலும் பழைய வழக்கப்படி ஆவியைக் கையால் விசிறி மூக்கில் இழுத்தார். மறுபடியும் இழுத்தார். ஒன்றும் வரவில்லை என்று அவர் முகமே காட்டிக்கொடுத்தது. தம்பிக்குப் புரிந்துவிட்டது.

“உனுக்கு வாசன தெரிதா இல்லயா? சாமி மேல சத்தியமா சொல்லு.”

“தெரில.”

“எத்தினி நாளா ஏமாத்திகினு கீற?”

பாவா வாயில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடித்து மூட்டை மேல் வைத்தார். கரண்டியைத் தம்பியிடம் கொடுத்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு வெயிலில் வீட்டுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். அன்றைக்கு ரசம், கூட்டு, பொங்கல் எல்லாவற்றுக்கும் அவர்தான் உப்புப் போட்டிருந்தார். எல்லாம் கச்சிதமாக இருந்தன. அதை ஒருவரும் பேசவில்லை. பேச வேண்டியவள் நான் ஒருத்திதான்.

வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். “கடசியா போடலாம்னுதான் வெச்சிருந்தேன். நடுவுல எப்பவோ போட்டுட்டு மறந்துட்டேன் போல கீது” என்றார். “மூக்குதான் போச்சுன்னு நெனச்சிகினு இருந்தேன். புத்தியும் போயிடுச்சு.”

அந்த இடத்திலாவது சொன்னேனா? இல்லை. பயம். வேறென்ன. இந்த மனுஷன் என்னை ஏறெடுத்தும் பார்க்காமல் போய்விடுவாரோ என்ற பயம். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கு என்பது எப்படிப்பட்ட பாழ் என்பது சொல்லாமல் வைத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அதற்கப்புறம் சத்திரத்து அடுப்பு தம்பி கைக்குப் போனது. பாவா வீட்டோடு இருந்தார். மூக்குப் போனதைக்கூட அவர் தாங்கியிருப்பார். தன் மேலேயே அவருக்கு நம்பிக்கை போய்விட்டது, அதைத்தான் தாங்கவில்லை. வெளியே கிளம்பிப் பத்தடி போய்விட்டுத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். மறுபடி பத்தடி போவார், மறுபடி வருவார். “நான் பூட்டினேனா? நீ பாத்தியா?” என்று என்னைக் கேட்பார். மாத்திரை சாப்பிட்டாரா இல்லையா என்று என்னைக் கேட்பார். பஸ்ஸில் சில்லறையை எண்ணி என் கையில் கொடுத்துச் சரிதானா என்பார். அகராதியைப் புரட்டினால் அவநம்பிக்கைக்கு ‘நம்பிக்கை இல்லாமை’ என்று போட்டிருக்கிறது. யார் மேல் என்று போடவில்லை. எப்போதும் அடுத்தவர் மேல் வருகிற ஒன்று என்றுதான் நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நான் அவர் மேல் கொண்டதை அவர் எடுத்துத் தன் மேல் போட்டுக்கொண்டுவிட்டார்.

சந்தேகம் என்றால் கேட்டுவிடலாம். கேட்டால் தீர்ந்துவிடும். அந்தப் பையன் எழுந்து நின்று கேட்டானே, அது சந்தேகம். பின்கட்டுக்குப் பத்தடி நடந்துபோய் ‘போட்டியா பாவா?’ என்று நான் கேட்டிருந்தால் அதுவும் சந்தேகம்தான். கோபித்திருப்பார், அவ்வளவே. கேட்காமல் போய்க் கையை விட்டேனே, அதுதான் அவநம்பிக்கை. அந்தப் பையன் இப்போது எங்கே தறி ஓட்டுகிறானோ, சென்னையில் எந்த வேலையில் இருக்கிறானோ.

நாலு வருஷம் கழித்துத் தம்பிக்குச் சென்னையில் பெரிய இடத்தில் சமையல் வேலை கிடைத்தது. ஊரைவிட்டுக் கிளம்பும் முன்னால் வீட்டுக்கு வந்தார். சத்திரத்தில் ஆள் இல்லை, அண்ணன் வருவதென்றால் மேனேஜருக்குச் சம்மதம், கூட ஒரு ஆளைப் போட்டுக்கொள்ளலாம் என்றார். பாவா தலையைக்கூட ஆட்டவில்லை. “என்னால ஆவாதுடா. போட்டது நெனப்பு இருக்க மாட்டேங்குது” என்று சொல்லிவிட்டு எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

இதைவிட்டால் வேறு சமயம் கிடைக்காது என்று எனக்குப் பட்டது. இப்போது சொன்னால் அவர் அடுப்புக்குத் திரும்பிவிடுவார். என்னை அடித்தாலும் சரி, அம்மா வீட்டுக்குப் போ என்றாலும் சரி. தம்பியை அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டு, கொல்லையிலிருந்து பாவாவைக் கூட்டிவந்து, இரண்டு பேர் முன்னாலும் சொன்னேன். கரண்டியைத் தொட்டு நாக்கில் வைத்தது, சொம்பு, கல்லுப்பு, எல்லாம். அழக்கூட வரவில்லை.

“உன் கை தப்பல பாவா. புத்தியும் போவல. நான்தான் பாவி. உன்ன நம்பாம போட்டேன்.”

தம்பிதான் முதலில் பேசினார். “விடுங்க அண்ணி. அண்ணன மறுபடி அனுப்பணும்னு சொல்றீங்க. எனுக்குப் புரிது.”

“அய்யோ, நெசமாத்தான் சொல்றேன். உங்க கொழந்த மேல சத்தியமா.”

“எங்கொழந்த மேல எதுக்கு அண்ணி?” என்றார். பொய்ச் சத்தியம் என்று நினைத்து அவர் முகம் மாறிவிட்டது. எழுந்து போய்விட்டார்.

பாவா என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். “நீ போய் நாக்குல வெப்பியா? சாமிக்கு வெக்கறத?” என்றார். குரல் அவ்வளவு மென்மையாக இருந்தது. “நம்பறேன்னு ரயில்ல சொன்ன இல்ல. சொல்லிட்டு அப்பிடிச் செய்வியா நீ? எனக்கோசரம் பழிய எடுத்து உன் தலையில போட்டுக்காதமே.” நான் எத்தனை தரம் சொன்னாலும் என் தலையைத் தடவிவிட்டு, “ஆங், சரி சரி” என்றார். குழந்தையைச் சமாதானப்படுத்துகிற மாதிரி.

வாரம் முழுக்கச் சொன்னேன். கோபமாகச் சொன்னேன், அழுது சொன்னேன், சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து சொன்னேன். எத்தனை சொம்பு என்று கணக்குச் சொன்னேன். எதுவும் ஏறவில்லை.

கடைசியாக ஒருநாள் சத்திரத்து மேனேஜரே வீட்டுக்கு வந்தார். ஒரு கிருத்திகை மட்டும் வந்து பாருங்கள், வெளியூர் ஆளை நம்பி எப்படி ஒப்படைப்பது என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பாவா மாட்டேன் என்றார். அந்த ஒரு வார்த்தையில் மூன்று தலைமுறை அடுப்பு கைவிட்டுப் போனது. அப்புறம் வருஷக்கணக்கில் அவர் முகத்தில் நான் பார்க்காத ஒரு சிரிப்போடு மேனேஜரிடம் சொன்னார்.

“எங்கூட்டுக்காரி இன்னா சொல்றா தெரியுமா சார்? அந்த உப்ப அவதான் போட்டாளாம். என் தம்பி கொழந்த மேல சத்தியம் வேற பண்றா. நான் மனசு ஒடஞ்சு கெடக்கறது பொறுக்கல, அதான். இவள மாரி ஒருத்தி யாருக்குக் கெடைக்கும், சொல்லுங்க.”

மேனேஜர் கதவுப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

பாவா போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. போகிற வரைக்கும் யார் வீட்டுக்கு வந்தாலும் இதைச் சொன்னார். என்னை வைத்துக்கொண்டே சொன்னார். அந்த மனுஷன் தன்னைத் துளிகூட நம்பவில்லை. என்னை அவ்வளவு நம்பினார்.